ஊர் மாறினாலும் மாறாத கிதார்

கார்பன் இழைக் கிதாருக்கும் மரக் கிதாருக்கும் உருவம் ஒன்றுதான். அதே ஆறு தந்திகள், அதே ஃபிரெட் கம்பிகள், அதே விரல் பழக்கம். உடல் மட்டும் வேறு. ஸ்புரூஸ், மஹாகனி, ஈட்டி போன்ற மரப் பலகைகளுக்குப் பதிலாக, விமான இறக்கைக்கும் பந்தயப் படகுக்கும் பயன்படும் கார்பன் இழைத் துணியைப் பிசினில் தோய்த்து அச்சில் பதித்து உருவாக்கிய கூடு அது. வீட்டில் இருந்தபடி வாசிப்பவருக்கு இந்த வேறுபாடு வெறும் விருப்பம் சார்ந்தது. ஊர் ஊராகப் போய், போன இடத்துக் கலைஞர்களோடு உட்கார்ந்து வாசிப்பவருக்கு இது நடைமுறைத் தேவை. கூடி வாசிக்கும் இசையில் ஒவ்வொருவரும் அடுத்தவரின் சுருதியை நம்பி வாசிக்கிறார்கள். ஊர் மாறியதால் கிதாரின் பலகை தாழ்ந்து தந்தி ஃபிரெட்டில் உரசினால், வாசிப்பவரின் காது சக கலைஞரை விட்டுவிட்டுத் தன் கருவியைக் கவனிக்கத் தொடங்கிவிடும். அந்தக் கவலையைப் பெருமளவு குறைப்பதே கார்பன் இழைக் கிதாரின் பயன். ஆனால் முழுவதையும் அது போக்கிவிடுவதில்லை. உடலை அது பார்த்துக்கொள்கிறது. தந்தியும் காதும் சபை மரியாதையும் வாசிப்பவரின் பொறுப்பாகவே இருக்கின்றன.

மரம் ஏன் அசைகிறது

மரத்தை அறுத்து, இழைத்து, வாத்தியமாக்கிய பிறகும் அது காற்றின் ஈரத்தை உறிஞ்சுவதும் வெளிவிடுவதும் நிற்பதில்லை. மழைக்காலத்தில் வீட்டுக் கதவு நிலையோடு இறுகிக்கொள்வதும், கோடையில் தானாகத் தளர்வதும் இதனால்தான். கதவில் இது சிறு தொல்லை. கிதாரில் இது ஆபத்து. கிதாரின் மேல்பலகை பெரும்பாலும் ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரத்தால் ஆனது. அதன் தடிமன் சுமார் 3 மில்லிமீட்டர், அகலம் சுமார் 40 சென்டிமீட்டர். எஃகுத் தந்திகள் ஆறும் சேர்ந்து ஏறக்குறைய 70 கிலோ எடைக்கு நிகரான இழுவிசையோடு அந்த மெல்லிய பலகையை இடைவிடாமல் இழுத்துக்கொண்டிருக்கின்றன.

மரம் நார்ப் போக்கில் நீள்வதும் குறுகுவதும் மிகக் குறைவு. நாருக்குக் குறுக்கே அசைவு அதிகம். காற்றின் ஒப்பீரப்பதம் 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைந்து, அந்த நிலை பல நாள் நீடித்தால், 40 சென்டிமீட்டர் அகலமுள்ள ஸ்புரூஸ் பலகை 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை சுருங்கப் பார்க்கும். ஆனால் பலகையின் அடியில் ஒட்டிய தாங்குக் கட்டைகள் அதைச் சுருங்க விடாமல் பிடித்துக்கொள்கின்றன. இரண்டும் மல்லுக்கட்டும்போது பலகை நார்வாக்கில் கீறிக்கொள்கிறது. கீறல் விழாவிட்டாலும், வறட்சியில் மேல்பலகை தாழ்ந்து தந்திகள் ஃபிரெட்டில் இரைகின்றன. கழுத்தின் விளிம்பில் ஃபிரெட் முனைகள் துருத்திக்கொண்டு கையைக் கீறுகின்றன. ஈரம் மிகுந்தால் பலகை உப்பி, தந்திகள் உயர்ந்து, அழுத்துவது கடினமாகிறது. இதனால்தான் மரக் கிதாரை 45 முதல் 55 சதவீத ஈரப்பதத்தில் வைக்கச் சொல்கிறார்கள். நெடுந்தூர விமானத்தின் பயணியர் அறையில் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே இருக்கும். கடலோர ஊரில் இறங்கிய மறுகணம் அது 80 சதவீதத்தைத் தொடலாம்.

தட்பவெப்பம் எவ்வளவு பெரிய கலைஞரையும் கட்டிப்போடும். 2009 ஜனவரி 20 அன்று வாஷிங்டனில் பராக் ஒபாமா பதவியேற்ற விழாவில் செல்லோக் கலைஞர் யோ-யோ மா, வயலின் கலைஞர் இட்ஷாக் பெர்ல்மன் உள்ளிட்ட நால்வர் திறந்த வெளியில் வாசித்தனர். கூட்டம் கேட்டது அவர்கள் இரண்டு நாள் முன்னதாகப் பதிவு செய்து வைத்த இசையை. உறைகுளிரில் பியானோவின் சுருதி நிற்காது, தந்திகள் அறுந்துவிடும் என்பதே காரணம். தமிழ்நாட்டு மிருதங்கக் கலைஞர்களுக்கும் இந்தச் சிக்கல் புதிதல்ல. குளிரூட்டிய அரங்கில் தோல் மாறிவிடும் என்பதால்தான் கல்லும் மரக்கட்டையுமாகக் கச்சேரிக்கு நடுவிலும் தட்டிச் சுருதி சேர்க்கிறார்கள்.

இழையும் பிசினும்

கார்பன் இழை ஒன்றின் குறுக்களவு 5 முதல் 10 மைக்ரான். தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு என்று கொள்ளலாம். பாலிஅக்ரிலோநைட்ரைல் என்னும் செயற்கை நூலை ஆக்சிஜன் இல்லாத சூளையில் 1000 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கினால் மற்றவை ஆவியாகிக் கார்பன் மட்டும் நிற்கும். ஆயிரக்கணக்கான இழைகளைச் சேர்த்து நாடாவாகவோ துணியாகவோ நெய்கிறார்கள். கிதார் செய்பவர் அந்தத் துணியைத் தேவையான வடிவில் வெட்டி, எபாக்சிப் பிசினோடு அச்சில் அடுக்கடுக்காகப் பரப்புகிறார். பிறகு காற்றை உறிஞ்சி எடுத்து, சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக வைக்கிறார். அச்சிலிருந்து எடுக்கும்போது கிதாரின் கூடு தயார்.

இழைகள் எந்தத் திசையில் ஓடுகின்றனவோ அந்தத் திசையில் கூடு விறைப்பாக இருக்கும். ஆகவே எங்கே விறைப்பு வேண்டும், எங்கே நெகிழ்வு வேண்டும் என்பதைத் துணி அடுக்கும்போதே தீர்மானித்துவிடலாம். மரத்தில் இயற்கை கொடுத்த நார்ப்போக்கை இங்கே மனிதக் கை வரைகிறது. பல தயாரிப்புகளில் உள்ளே தாங்குக் கட்டைகளே தேவைப்படுவதில்லை. முக்கியமான குணம் இன்னொன்று: ஈரம் இந்தக் கூட்டின் அளவை மாற்றுவதில்லை என்றே சொல்லலாம்; வெப்பத்தால் ஏற்படும் விரிவும் ஏறக்குறைய பூஜ்யம். எடை மட்டும் பலர் நினைப்பதுபோல் பெரிதாகக் குறைவதில்லை. கார்பன் கலவை ஸ்புரூஸைவிட மூன்று நான்கு மடங்கு அடர்த்தி கொண்டது. கூட்டை மெல்லியதாகச் செய்ய முடிவதால் மொத்த எடை மரக் கிதாரை ஒட்டியே அமைகிறது.

யார் செய்தார்கள்

மரமல்லாத பொருளைக் கிதாருக்குள் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் அமெரிக்க ஹெலிகாப்டர் பொறியாளர் சார்லஸ் காமன். தாமும் கிதார் வாசித்தவர். அவர் 1966இல் தொடங்கிய ஓவேஷன் நிறுவனம், கண்ணாடியிழையாலான கிண்ண வடிவ முதுகு கொண்ட கிதார்களைச் செய்தது. 1970களில் அதே நிறுவனத்தின் ஆடமாஸ் கிதார் கார்பன் இழை மேல்பலகையோடு வந்தது. ஹெலிகாப்டர் சிறகின் அதிர்வைக் கட்டுப்படுத்தக் கற்ற பொறியியல், இங்கே அதிர்வை வளர்ப்பதற்குப் பயன்பட்டது.

முழு உடலையும் கார்பன் இழையால் செய்து விற்பனைக்குக் கொண்டுவந்தவர்களில் முன்னோடி ஜான் டெக்கர் என்ற இயற்பியலாளர். ஹவாயித் தீவுகளின் மழையும் வெயிலும் உப்புக்காற்றும் மரக் கிதார்களைக் குலைக்கும் இடத்திலிருந்து பிறந்ததால் அவருடைய கிதாருக்கு ரெயின்சாங், அதாவது மழைப்பாட்டு என்ற பெயர் பொருத்தமாக அமைந்தது. பிறகு லூசியானாவில் காம்போசிட் அக்கூஸ்டிக்ஸ், அயர்லாந்தின் டானிகால் பகுதியில் அலிஸ்டர் ஹே தொடங்கிய எமரல்ட், யூட்டாவில் குளோஸ், விஸ்கான்சினில் மெக்பெர்சன் என்று பட்டியல் நீண்டது. சீனத்தின் லாவா, என்யா நிறுவனங்கள் விலையைக் குறைத்துப் பரவலாக்கின. செல்லோவிலும் இதே கதை நடந்தது. பாஸ்டன் சிம்பொனியில் செல்லோ வாசித்த லூயிஸ் லெகியா ஒரு படகோட்டி. தம் படகின் கண்ணாடியிழை உடலில் அலை மோதி எழுந்த ஓசையைக் கேட்டுத்தான் கார்பன் இழைச் செல்லோவைச் செய்யத் தொடங்கினார்.

கூட்டத்தில் இதன் குரல்

கார்பன் இழைக் கிதாரின் நாதம் தெளிவும் பிரகாசமும் கொண்டது. மீட்டிய சுரம் நீண்டு நிற்கும். பழைய மரக் கிதாரின் கனிந்த, சற்றே உலர்ந்த குரலைத் தேடுபவருக்கு இது முதலில் கூர்மையாகப் படலாம். தனியாக வாசிக்கும்போது அழகாக ஒலிக்கும் இந்தக் குணம் கூட்டத்தில் இருமுனையாக வேலை செய்கிறது. சத்தம் மிகுந்த இடத்தில் கிதாரின் தாளக்கட்டு எல்லோருக்கும் கேட்கும். அதேசமயம் மேண்டலின், பிடில், குழல் ஆகியவை உலவும் உச்ச ஸ்தாயியில் கிதாரும் நுழைந்து அவற்றை மறைத்துவிடக்கூடும். அனுபவமுள்ளவர்கள் இதைக் கையாலேயே சரிசெய்கிறார்கள். தடித்த பிக்கைப் பயன்படுத்துவது, தந்திகளைத் தாங்கும் பாலத்துக்கு அருகே மீட்டாமல் ஒலித்துளைக்கு மேலே மீட்டுவது, புத்தம்புதிய தந்தியின் கூர்மை அடங்கும்வரை சில நாள் வாசித்துவிட்டுக் கூட்டத்துக்குக் கொண்டுவருவது, மீட்டிய தந்தியை உள்ளங்கையால் அணைத்து நாதத்தை வெட்டுவது என்று வழிகள் உண்டு. நீளும் நாதத்தை நிறுத்தத் தெரிந்தவருக்கே தாளம் துல்லியமாக நிற்கும்.

எமரல்ட், மெக்பெர்சன் போன்ற பல கிதார்களில் ஒலித்துளை நடுவில் இல்லாமல், வாசிப்பவரின் முகத்தை நோக்கி மேல்தோளில் இருக்கிறது. பத்துப் பேர் நெருங்கி உட்கார்ந்து வாசிக்கும் இடத்தில் தன் குரல் தனக்குக் கேட்க இது உதவும். தன்னைக் கேட்க முடியாதவர்தான் ஓங்கி மீட்டி மற்றவர்களை மூழ்கடிக்கிறார். சிறிய பயணக் கிதார்களில் கூட்டின் கொள்ளளவு குறைவு என்பதால் மந்திர ஸ்தாயி மெலிவாகவே இருக்கும். அந்தக் கிதாரோடு போகிறவர் கூட்டத்தில் மேல்குரலை எடுத்துக்கொண்டு, மந்திரத்தைப் பெரிய கிதாருக்கு விட்டுவிடுவது நல்லது.

வட்டத்தில் உட்காரும் முறை

பயணத்தில் கூடி வாசிப்பதற்கு, அயர்லாந்தில் செஷன் என்று அழைக்கப்படும் கூட்டு வாசிப்பு நல்ல எடுத்துக்காட்டு. கிளேர் மாவட்டத்தின் மில்டவுன் மால்பே என்ற சிற்றூரில், வில்லி கிளான்சி என்ற பைப் கலைஞரின் நினைவாக 1973 முதல் ஒவ்வொரு ஜூலையிலும் கோடை இசைப்பள்ளி நடக்கிறது. பல நாடுகளிலிருந்து வருகிறவர்கள் பகலில் வகுப்பில் கற்று, மாலையில் பப்களில் வட்டமாக உட்கார்ந்து வாசிக்கிறார்கள். மேடை கிடையாது, ஒலிபெருக்கி கிடையாது, காகிதத்தில் எழுதிய இசையும் பெரும்பாலும் கிடையாது. ஒரு மெட்டு பொதுவாக இரண்டு பகுதிகள் கொண்டது. ஒவ்வொன்றும் எட்டு பார் நீளம். ஒவ்வொரு பகுதியையும் இருமுறை வாசித்து, முழு மெட்டையும் இரண்டு மூன்று சுற்று வாசித்துவிட்டு, நிறுத்தாமல் அடுத்த மெட்டுக்குத் தாவுவார்கள்.

இங்கே கிதார் துணைவாத்தியம். மெட்டு பிடிலுக்கும் குழலுக்கும் அக்கார்டியனுக்கும் உரியது. ஏற்கெனவே ஒரு கிதார் இருந்தால், புதிதாக வந்தவர் கேட்டுவிட்டுத்தான் சேர வேண்டும். இரண்டு கிதார்கள் ஒரே மெட்டுக்கு வெவ்வேறு கார்டுகளைப் பிடித்தால் மெட்டு தடுமாறும். முதல் சுற்றில் கேட்டு, இரண்டாவது சுற்றில் மெதுவாகச் சேர்ந்து, மூன்றாவதில் முழுதாக வாசிப்பது எங்கும் செல்லுபடியாகும் வழக்கம். கருவி நம்பகமாக இருந்தால் அந்த முதல் சுற்றை முழுமையாகக் காது கொடுத்துக் கேட்க முடிகிறது.

ஐரிஷ் இசைக்குத் துணை வாசிக்கும் பலர் தந்திகளை டி-ஏ-டி-ஜி-ஏ-டி என்று சுருதி சேர்க்கிறார்கள். இதற்கு டாட்காட் என்று பெயர். டி-யை ஷட்ஜமாகக் கொண்டால் இது ச-ப-ச-ம-ப-ச. காந்தாரம் இல்லை என்பதால் மெட்டின் காந்தாரம் எதுவாக இருந்தாலும் கிதார் அதோடு மோதாது. தம்பூரா எந்த ராகத்துக்கும் பொருந்துவதுபோல. இந்த முறையே ஒரு பயணத்தில் பிறந்தது. ஆங்கிலேயக் கிதார் கலைஞர் டேவி கிரஹாம் 1960களின் தொடக்கத்தில் மொராக்கோவில் ஊத் என்னும் தந்தி வாத்தியம் வாசிப்பவர்களோடு சேர்ந்து வாசிக்க முயன்றபோது, வழக்கமான சுருதி பொருந்தாமல் இதைக் கண்டடைந்தார். இடம் கேட்டதைக் கொடுக்கத் தந்தியின் சுருதியை மாற்றிக்கொண்டார். பிற்பாடு அது வேறொரு நாட்டு இசையின் துணைவாசிப்புக்கே அடித்தளமானது.

பாட்டுக்காரரோடு சேரும்போது கேப்போ என்னும் கவ்வி கைகொடுக்கிறது. டாட்காட் சுருதியில் கிதாரின் ஷட்ஜம் 2 கட்டை. இரண்டாவது ஃபிரெட்டில் கேப்போ வைத்தால் 3 கட்டை. ஐந்தாவதில் வைத்தால் 5 கட்டை. விரல்கள் பிடிக்கும் இடமுறை மாறாமலே பாடுபவரின் சுருதிக்குப் போய்விடலாம்.

சுருதி எங்கே நழுவுகிறது

கார்பன் இழைக் கிதார் சுருதி மாறாது என்று நம்பிப் போகிறவருக்கு முதல் ஏமாற்றம் இங்கேதான் வரும். கூடு அசையாது. தந்தி எஃகு, அது அசையும். சூடானால் எஃகு நீள்கிறது, இழுவிசை தளர்கிறது, சுரம் இறங்குகிறது. குளிர்ந்தால் சுரம் ஏறுகிறது. 10 டிகிரி மாற்றம் தேர்ந்த காதுக்குத் தெரியும் அளவுக்குச் சுரத்தை நகர்த்திவிடும். ஆனால் இது ஆறு தந்தியிலும் ஒரே திசையில் நிகழ்கிற, முறுக்காணியைச் சற்றே திருப்பினால் தீர்கிற மாற்றம். தந்தி உயரம், கழுத்தின் வளைவு, பாலத்தின் அமைப்பு எல்லாம் அப்படியே இருக்கும் என்பதுதான் ஆதாயம்.

குழலின் கதை நேர்மாறு. காற்று சூடானால் அதில் ஒலி விரைந்து செல்கிறது. குழலின் சுரம் ஏறுகிறது. மாலை ஏழு மணிக்குக் குளிர்ந்திருந்த அறை ஒன்பது மணிக்கு ஆட்களால் நிறைந்து சூடாகும்போது, கிதார் மெல்ல இறங்குகிறது, குழல் மெல்ல ஏறுகிறது. இரண்டும் ஒன்றாகத் தொடங்கி, ஒருவர் தவறும் இன்றி, விலகிப்போகின்றன. அக்கார்டியனும் ஆர்மோனியமும் மேடையிலேயே திருத்த முடியாத சுருதி கொண்டவை. அவை இருக்கும் கூட்டத்தில் எல்லோரும் அவற்றுக்கே சேர்ந்துகொள்ள வேண்டும். உலகெங்கும் ஏ சுரத்துக்கு 440 ஹெர்ட்ஸ் என்பது பொதுவிதி என்றாலும், ஐரோப்பிய இசைக்குழுக்கள் பல 442, 443 என்று சற்றே உயர்த்தி வைக்கின்றன. பழைய ஆர்மோனியங்கள் எங்கேயும் நிற்கலாம். கிதாரின் தலையில் மாட்டும் கிளிப் டியூனரில் இந்த அடிப்படை எண்ணை மாற்றும் வசதி உண்டு. கூட்டத்தில் சேர்ந்த உடனே நிலையான சுருதிக் கருவியிடம் ஒரு சுரம் கேட்டு வாங்கி, டியூனரை அதற்கு மாற்றிக்கொள்வது நல்ல பழக்கம்.

விமானமும் சுங்கமும்

முழு அளவுக் கிதாரின் நீளம் ஒரு மீட்டருக்கு மேல். அமெரிக்காவில் 2012இல் வந்த சட்டமும், அதன்படி 2015 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த விதிகளும், பயணி ஏறும்போது மேல்தட்டில் இடம் இருந்தால் சிறிய இசைக்கருவிகளை அங்கே வைக்க அனுமதிக்கும்படி விமான நிறுவனங்களைக் கட்டாயப்படுத்துகின்றன. மற்ற நாடுகளில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு விதி. சரக்கறைக்குப் போன கிதாருக்கு என்ன நேரும் என்பதை 2008இல் கனடியப் பாடகர் டேவ் கேரல் கண்டார். சிகாகோவில் உடைந்த கிதாருக்கு ஈடு கிடைக்காமல் அவர் பாடி வெளியிட்ட பாட்டு, 2009இல் இணையத்தில் லட்சக்கணக்கானோரைச் சென்றடைந்தது. கார்பன் இழைக் கூடு மரத்தைவிட நன்றாக அடியைத் தாங்கும். கழுத்தைக் கழற்றி உடலோடு சேர்த்து முதுகுப்பைக்குள் அடக்கும் மாதிரிகளும் வந்திருக்கின்றன. விறைப்பான கழுத்து இருப்பதால், மீண்டும் பூட்டினால் கிதார் பழைய நிலைக்கு நெருங்கியே திரும்புகிறது.

எல்லை தாண்டும்போது மரத்துக்கு இன்னொரு தடையும் உண்டு. பிரேசில் நாட்டு ரோஸ்வுட் மரத்தை 1992 முதலே, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை மிகக் கடுமையான பட்டியலில் வைத்திருக்கிறது. 2017 ஜனவரியில் அந்த மரவகை முழுவதும் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. தென்னிந்தியக் காடுகளின் ஈட்டி மரமும் அதில் அடக்கம். உலகின் பல பெயர்பெற்ற கிதார்களின் முதுகும் பக்கமும் அந்த ஈட்டி மரம்தான். 2019இல் முழுதாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தாலும், பிரேசில் ரோஸ்வுட் கருவிக்குச் சான்றிதழ் இன்னும் தேவை. கார்பன் இழைக் கூட்டுக்கு இந்தக் கேள்வியே எழுவதில்லை. சூழலைப் பொறுத்தவரை இதற்கும் விலை உண்டு: இழையைச் செய்ய மிகுந்த ஆற்றல் செலவாகிறது, பழையதை மறுசுழற்சி செய்வது கடினம்.

எதைக் கவனிக்க வேண்டும்

கார்பன் இழைக் கிதாரின் பகை வெயிலில் பூட்டிய கார். கறுப்பு உடல் வெப்பத்தை இழுக்கும். எபாக்சிப் பிசின் ஒரு வெப்பநிலைக்கு மேல் இளகும். பாலத்தை ஒட்டிய பசையும் அப்படியே. வெயிலில் நின்ற காரின் உட்புறம் 60, 70 டிகிரியைத் தொடும் ஊர்களில் எந்தக் கிதாரையும் வண்டியில் விட்டுப் போகக்கூடாது.

மரத்தில் விழுந்த கீறலை ஊர்க் கைவினைஞரும் ஒட்டிவிடுவார். கார்பன் கூடு அடிபட்டால் உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கலாம். வெளியே தடயம் தெரியாமலும் போகலாம். நாணயத்தால் மெல்லத் தட்டிப் பார்ப்பது விமானத் தொழிலில் உள்ள பழைய வழி. நல்ல இடத்தில் கணீரென்று கேட்கும். பிரிந்த இடத்தில் மந்தமான ஓசை வரும். அப்படிப்பட்ட பழுதுக்குச் செய்த இடத்துக்கே அனுப்ப வேண்டியிருக்கும். முறுக்காணி, தந்தி ஆகியவை வழக்கமான அளவில் இருப்பதால் அவற்றை எந்த ஊரிலும் மாற்றலாம். சில மாதிரிகளில் கழுத்தைத் திருத்தும் டிரஸ் ராட் இருக்காது. அவற்றுக்குத் தயாரிப்பாளர் சொன்ன தடிமனுள்ள தந்தியையே வாங்க வேண்டும். மாற்றுத் தந்தி ஒரு கட்டு எப்போதும் பையில் இருக்க வேண்டும். கடற்கரையில் கூட்டுக்கு ஒன்றும் ஆகாது, தந்தி துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் தந்திகளை அடியும் மேலுமாகத் துடைத்துவிட்டால் அடுத்த ஊர்வரை அவை ஒலி மங்காமல் வரும். அங்கே போய்ச் சேர்ந்ததும் கிதார் அறையின் வெப்பத்துக்குப் பழக ஒரு கால் மணி நேரம் கொடுத்து, இருப்பவர்களின் சுருதியைக் கேட்டு, தந்திகளை அதற்குச் சேர்த்துக்கொண்டால் வாசிக்கத் தொடங்கலாம்.